பெருமழைக்கு ஒழுகாத கட்டர், சாரலுக்கு மட்டும் ஒழுகியது ஏன்? ஆச்சி கண்டுபிடித்த விஷயம்!

"ஏட்டி, கட்டருக்குள்ள தண்ணியே வரல. அது பாட்டுக்குப் பின்னால இறங்கிப் போவுது. உங்க அப்பாகிட்ட சொன்னா கேக்க மாட்டேங்கான்!"

கடந்த ஜூன் மாதம் தென்காசியிலிருந்து ஆச்சி போனில் சொன்னது இது. ஆச்சிக்கு 78 வயது. நான் சென்னையில், ஆபீஸில் அன்றைய மழைச் செய்திகளை டைப் செய்துகொண்டிருந்தேன். "சரி ஆச்சி, அப்பாகிட்ட பேசுறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்பாவிடம் பேசவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக இன்றும் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வு உண்டு.

மழைக்காலத்தில் வீட்டுக்குப் புதிதாக கட்டர் போட்டவர்கள், போடப்போகிறவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் கதை உதவும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் கட்டர் போட்டோம்?

கூரை நுனியிலிருந்து விழும் மழைத் தண்ணீரைப் பிடித்து, குழாய் வழியாகக் கீழே இறக்கும் நீளமான தொட்டியைத்தான் கடைகளில் 'ரெயின் கட்டர்' என்கிறார்கள். கேரளாவில் இதற்குப் பெயர் பாத்தி. இலங்கைத் தமிழர்கள் பீலி என்பார்கள்.

எங்கள் தென்காசி வீடு தாத்தா கட்டியது. மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, மங்களூர் ஓடு. முன்பெல்லாம் சுவரைத் தாண்டி இரண்டு அடிக்கு ஓடு நீண்டிருக்கும். மழை எப்படிப் பெய்தாலும் தண்ணீர் சுவரில் படாமல் தள்ளிப்போய் விழும். ஆனால், கைமரங்களின் நுனிகள் கரையான் அரித்து உளுத்துப்போயின. போன வருடம் அந்த நுனிகளை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தில் நீளமாக ஒரு பலகை அடித்தார்கள். இப்போது அந்தப் பலகைக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளிதான்.

இறவாரம் குறைந்துவிட்டதால் தண்ணீர் சுவரில் அடிக்கும் என்று, பலகையிலேயே 22 அடி நீளத்துக்கு கட்டர் போட்டார் அப்பா. குழாயோடு சேர்த்து 14,000 ரூபாய். "இனி சுவரைப் பத்தி கவலையே இல்ல" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

பக்கெட் தண்ணீர் சொன்ன பொய்

ஜூன் இரண்டாவது வாரம் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது. தென்காசிக்காரர்களுக்கு சாரல் என்பது ஒரு சந்தோஷம். ஆனால், சாரல் ஆரம்பித்த நான்காவது நாள் ஆச்சியின் கட்டிலை ஒட்டிய சுவரில் ஓர் ஈரத் திட்டு தெரிந்தது. அடுத்த வாரம் அது முழங்கால் உயரத்துக்குப் பரவியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. விரலால் தொட்டால் மண் மாவு மாதிரி வந்தது.

கட்டர் மாட்டிய அண்ணனை அப்பா கூப்பிட்டார். அவர் வந்து ஏணி போட்டு ஏறி, ஒரு பக்கெட் தண்ணீரை ஓட்டின் மேல் ஊற்றினார். தண்ணீர் சர்ரென்று ஓடிவந்து கட்டருக்குள் விழுந்து, குழாய் வழியே இறங்கியது. பின்பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை. "பாத்தீங்களா சார், கட்டர்ல ஒரு குறையும் இல்ல. இது தரையில இருந்து ஏறுற ஓதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்.

அப்பா சமாதானம் ஆகிவிட்டார். ஆச்சி ஆகவில்லை. "எய்யா, பெரு மழைக்கு ஒழுவல. பூந்தூறலா விழும்போதுதான் பின்னால இறங்குது. நான் தானே பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். "அது எப்படிம்மா? பெரிய மழைக்கு ஒழுவாதது சின்ன மழைக்கு ஒழுவுமா?" என்று அப்பா சிரித்தார். ஆச்சிக்கு வயதாகிவிட்டது என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

ஆச்சியின் தொந்தரவு தாங்காமல், கட்டருக்கும் பலகைக்கும் நடுவே இருந்த ஒரு இன்ச் இடைவெளியில் அப்பா சிலிக்கான் பேஸ்ட் வாங்கி அடைத்தார். பத்து நாளில் அது பிய்ந்து தொங்கியது. ஈரமும் தூசியும் உள்ள பலகையில் அது சரியாக ஒட்டவே இல்லை. போதாததற்கு, தகரம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். அந்த இழுப்புக்கு மேலோட்டமாக ஒட்டிய பேஸ்ட் எப்படி நிற்கும்?

ஒரு செம்புத் தண்ணீர்

ஜூலையில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். ஆச்சியின் கட்டில் நடு அறைக்கு மாறியிருந்தது. சுவரைப் பார்த்ததும் எனக்கு பக்கென்றது.

காரணம் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் டெஸ்க்குக்குத் தவறாமல் வரும் செய்தி, 'மண் சுவர் இடிந்து விழுந்ததில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பலி' என்பதுதான். ஊர் பெயரும் வயதும் மட்டும் மாறும். மண் சுவர் காய்ந்திருக்கும் வரை கல் மாதிரி நிற்கும். அடியில் ஈரம் ஊறிவிட்டால் மேலே இருக்கும் பாரத்தை அதனால் தாங்க முடியாது. அந்தச் செய்தியை எத்தனையோ முறை டைப் செய்த நான், ஆச்சி போனில் சொன்னபோது கவனிக்கவில்லை.

மறுநாள் காலை சாரல் விழுந்தது. ஆச்சி என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். "அங்கன பாரு."

ஓட்டின் நுனியில் தண்ணீர் திரண்டு நின்றது. கட்டருக்குள் சொட்டவில்லை. ஓட்டின் நுனியைச் சுற்றி வளைந்து, அதன் அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு பின்னால் போய், பலகையைத் தொட்டது. பலகை வழியாக இறங்கி, கட்டரின் முதுகுக்குப் பின்னால் சொட்டியது. காற்று அந்தச் சொட்டை எல்லாம் சுவரில் கொண்டுபோய் அடித்தது. கட்டர் கிட்டத்தட்ட காய்ந்து கிடந்தது!

"எப்படி ஆச்சி இது?"

ஆச்சி உள்ளே போய் ஒரு செம்பு நிறைய தண்ணீர் கொண்டுவந்தார். வேகமாகச் சாய்த்தார். தண்ணீர் தள்ளிப்போய் விழுந்தது. அப்புறம் மெள்ளச் சாய்த்தார். தண்ணீர் செம்பின் கழுத்தோடு ஒட்டி, அடிப்பக்கம் வழிந்து, அவர் முழங்கையில் இறங்கியது.

"இவ்வளவுதாம்ட்டி விஷயம். அந்தப் பையன் பக்கெட்டக் கவுத்துப் பாத்தான். சாரல் பக்கெட்டயா கவுக்குது?"

செம்புக்கும் கட்டருக்கும் ஒரே விஞ்ஞானம்

ஆச்சி செய்து காட்டியதற்கு இயற்பியலில் ஒரு பெயர் இருக்கிறது: 'டீபாட் எஃபெக்ட்'. மெதுவாக ஊற்றினால் டீ கோப்பையில் விழாமல் கெட்டிலின் மூக்கு வழியாக வழிந்து மேஜையை நனைக்கிறதே, அதுதான். மார்க்கஸ் ரெய்னர் என்ற விஞ்ஞானி 1956-ல் இதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். இதற்கான கணக்குகளைப் போட்ட ஜோசப் கெல்லர், ஜான் மார்க் வாண்டன் ப்ரூக் இருவருக்கும் 1999-ல் 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. சிரிக்கவும் வைத்து சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது. 2021-ல்கூட வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே டீ கெட்டில் விஷயத்துக்கு விரிவான விளக்கம் வெளியிட்டார்கள்.

சுருக்கமாக இதுதான். தண்ணீர் வேகமாக வரும்போது, அந்த வேகமே அதை நுனியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். மெதுவாக வரும்போது அந்தத் தள்ளு போதாது. நனைந்த பரப்போடு ஒட்டிக்கொள்ளும் குணம் ஜெயித்துவிடும். நுனி மழுங்கி உருண்டையாக இருந்தால் தண்ணீருக்கு இன்னும் வசதி. வளைந்து அடிப்பக்கம் போய்விடும். நுனி கூராக, கீழ்நோக்கி இருந்தால் ஒட்ட வழியில்லாமல் சொட்டிவிடும்.

எங்கள் வீட்டு ஓடு பழைய ஓடு. நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது, அதில் பாசி வேறு. ஓடு பலகையைத் தாண்டி ஒரே ஒரு இன்ச்தான் நீண்டிருந்தது. தண்ணீர் அடிப்பக்கமாக ஒரு இன்ச் நடந்தாலே பலகை வந்துவிடும். அப்புறம் கட்டரால் என்ன செய்ய முடியும்?

ஆக, கட்டர் ஒழுகவே இல்லை. தண்ணீர் கட்டருக்கு வந்தே சேரவில்லை. சந்தை அடைக்கும் வேலை இல்லை இது. தண்ணீர் விழுவதற்கு ஒரு நுனி கொடுக்கும் வேலை.

2,000 ரூபாயில் முடிந்த வேலை

பக்கத்துத் தெருவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கொத்தனார் தாத்தா ஒருவர் இருக்கிறார். ஆச்சி ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டார். அவர் ஏணியே போடவில்லை. கீழே நின்று ஐந்து நிமிடம் சாரலைப் பார்த்தார். "மதினி சொன்னது சரிதான். கட்டரக் குத்தம் சொல்லப்பிடாது. நடுவுல ஒரு தகரம் வைக்காம விட்டுட்டாவ" என்றார்.

மழை விட்ட ஒரு நாளில் அவரும் ஓர் உதவியாளரும் செய்த வேலை இது:

ஆறு இன்ச் அகலத்தில் ஜி.ஐ தகரத்தை நீளமாக வெட்டி, 'ட' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி மடித்தார்கள். கடைசி வரிசை ஓடுகளைக் கழற்றி, தகரத்தின் மேல் பாதியை ஓட்டுக்கு அடியில், பலகையின் மேல் இருக்கும்படி ஸ்க்ரூ போட்டுப் பொருத்தினார்கள். கீழ்ப் பாதி பலகையை மூடி, கட்டரின் உள்ளே இறங்கியது. அதன் அடி விளிம்பை மட்டும் அரை இன்ச் அளவுக்கு முன்பக்கம், கட்டரின் உள்நோக்கி லேசாக வளைத்துவிட்டார்கள். கட்டரையும் பலகையோடு ஒட்டி நெருக்கி மாட்டினார்கள். பிறகு ஓடுகளின் பாசியைத் தேய்த்து, திரும்ப அடுக்கினார்கள்.

இப்போதும் தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கம் வளைந்து வரலாம். ஆனால், அது பலகையைத் தொட முடியாது. தகரத்தின் மேல் விழுந்து, தகரத்தோடு இறங்கி, வளைந்த விளிம்பிலிருந்து கட்டருக்குள்தான் சொட்டியாக வேண்டும்.

தகரம், ஸ்க்ரூ 1,100 ரூபாய். கூலி 900 ரூபாய். 14,000 ரூபாய் வேலையைக் காப்பாற்றியது இந்த 2,000 ரூபாய்தான். முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால் சுவரும் நனைந்திருக்காது.

உங்கள் வீட்டில் என்ன பிரச்னை? நீங்களே கண்டுபிடிக்கலாம்

கட்டருக்குப் பின்னால் தண்ணீர் இறங்குவதற்கு ஒரே காரணம் மட்டும் இல்லை. எப்போது ஒழுகுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

* தூறலில் மட்டும் ஒழுகினால்: தண்ணீர் ஒட்டிக்கொண்டு பின்னால் போகிறது. எங்கள் வீட்டுக் கதைதான்.

* கனமழையில் மட்டும் ஒழுகினால்: கட்டர் நிரம்பி வழிகிறது. இலை அடைப்பு, வாட்டம் இல்லாதது, இறங்கும் குழாய் சிறியதாக இருப்பது ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

* எப்போதும் ஒரே இடத்தில் சொட்டினால்: இரண்டு கட்டர் துண்டுகள் சேரும் ஜாயின்ட் அல்லது ஸ்க்ரூ ஓட்டையைப் பாருங்கள். பேஸ்ட் வேலை செய்யும் இடம் இது மட்டும்தான்.

* மழை நின்ற பிறகும் வெகுநேரம் சொட்டினால்: கட்டரில் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. வாட்டம் சரியில்லை.

சந்தேகம் இருந்தால், காய்ந்திருக்கும் நாளில் கட்டருக்குப் பின்னால் பலகையில் சாக்பீஸால் நெடுக ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த தூறலுக்குப் பிறகு கோடு எங்கே அழிந்திருக்கிறதோ, அங்கேதான் தண்ணீர் இறங்குகிறது. தண்ணீர் ஊற்றிச் சோதிப்பதாக இருந்தால் பக்கெட் வேண்டாம். ஹோஸ் குழாயில் சன்னமாகத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். பிறகு வேகமாகவும் விட்டுப் பாருங்கள். இரண்டு சோதனையும் முக்கியம்.

கட்டர் போடும் முன் கேட்க வேண்டியவை

* கூரையின் நுனி கட்டருக்குள் சுமார் 2 இன்ச் நீண்டிருக்க வேண்டும். மொட்டை மாடியில் கலர் ஷீட் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். வாட்டம் குறைவான ஷீட் என்றால், அதன் பள்ளங்களின் நுனியைக் கீழ்நோக்கி லேசாக மடக்கிவிடச் சொல்லுங்கள்.

* நீட்ட முடியாத இடத்தில், கூரைக்கும் கட்டருக்கும் நடுவே மடித்த தகரம் கட்டாயம். ரேட் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

* குழாய் இருக்கும் பக்கம் நோக்கி, 10 அடிக்கு குறைந்தது கால் இன்ச் வாட்டம் வேண்டும்.

* கட்டரின் முன் விளிம்பு, பின் விளிம்பைவிடச் சற்றே தாழ்வாக இருக்கட்டும். அடைத்துக்கொண்டு நிரம்பினாலும் தண்ணீர் முற்றத்தில் விழும், சுவரில் விழாது.

* தாங்கிப் பிடிக்கும் கிளாம்ப் 2 முதல் 3 அடிக்கு ஒன்று வேண்டும். இடைவெளி அதிகமானால் தண்ணீரின் கனத்தில் நடுவே தொய்ந்துவிடும்.

* ஜாயின்டுக்கு சிலிக்கான் வாங்கும்போது 'நியூட்ரல்' வகையைக் கேளுங்கள். வினிகர் வாடை வரும் வகை ஜி.ஐ தகரத்தை அரிக்கும்.

* மழைக்காலத்துக்கு முன்பும், நடுவில் ஒரு முறையும் இலை, தூசியை எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும்.

சுவர் ஏற்கெனவே நனைந்துவிட்டதா?

கட்டரைப் பிறகு பார்க்கலாம். முதலில் மனிதர்களைப் பாருங்கள்.

நனைந்த மண் சுவரை ஒட்டி யாரும் படுக்க வேண்டாம், குறிப்பாக இரவில். சுவரில் புதிதாக விரிசல் விட்டாலோ, உப்பி வெளியே தள்ளியது போல் தெரிந்தாலோ அந்த அறையைக் காலி செய்துவிடுங்கள். ஈரச் சுவரில் மீட்டர் பாக்ஸோ சுவிட்ச் போர்டோ இருந்தால் தொடாதீர்கள். மெயின் ஸ்விட்ச் அந்தச் சுவரில் இல்லை என்றால் அதை நிறுத்துங்கள். இருந்தால், மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மழை பெய்யும்போது ஏணி போட்டுக் கூரையில் ஏறவே கூடாது. நனைந்த ஓட்டில் கால் வழுக்கும், பழைய ஓடு உடைந்து உள்ளே விழவும் வாய்ப்புண்டு.

ஈரமான மண் சுவரின் மேல் உடனே சிமென்ட் பூசிவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும். கொத்தனார் தாத்தா எங்கள் சுவரை இரண்டு மாதம் காயவிட்டார். செப்டம்பரில்தான் பழையபடி சுண்ணாம்பு பூசினார்.

16 குடம் தண்ணீர்

கட்டரிலிருந்து இறங்கும் குழாயை இப்போது முற்றத்தில் இருக்கும் தொட்டியில் விட்டிருக்கிறோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் கூரையின் அந்தப் பக்கம் 22-க்கு 12 அடி. அதாவது, சுமார் 24 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 240 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 16 குடம்! முன்பு இதில் ஒரு பங்கைத்தான் ஆச்சியின் சுவர் குடித்துக்கொண்டிருந்தது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். முதல் நாள் பெருமழை. மறுநாள் நாள் முழுக்கத் தூறல். ஆச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா காபி டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னம்மா, பின்னால இறங்குதா?"

"இல்லய்யா. உள்ளதான் விழுது."

அன்று மாலை அப்பாவே ஆச்சியின் கட்டிலை நடு அறையிலிருந்து தூக்கி, பழைய இடத்தில் போட்டார். போடுவதற்கு முன் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

இப்போதெல்லாம் ஆச்சி போன் செய்து வீட்டில் ஏதாவது ஒழுகுகிறது, உதிர்கிறது, சத்தம் கேட்கிறது என்றால் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: "எப்போ ஆச்சி? எந்த நேரத்துல?"

உங்கள் வீட்டிலும் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்து மழையைப் பார்க்கிற ஒருவர் இருப்பார். கட்டர்காரரைக் கூப்பிடும் முன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.